சந்தனம் பூசிய பிறேக்

அன்றைக்கு என் காரின் பிறேக் பிடித்தது. நன்றாகவே பிடித்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால், பிறகு நடந்த இரண்டு மாதக் கூத்து முழுவதும், அது பிடிக்கவில்லை என்று நான் அவிழ்த்துவிட்ட ஒரு பொய்யில் இருந்து முளைத்தது.

நாங்கள் கோப்பாயில் இருக்கிறோம். மனைவிக்கு மானிப்பாயில் ஓர் அலுவலகத்தில் வேலை. எனக்கு உடுவிலில் சின்னதாக ஓர் அச்சுக்கடை. கலியாணக் கார்ட் அடிப்போம், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் அடிப்போம். காலையில் அவளை மானிப்பாயில் இறக்கிவிட்டு நான் உடுவிலுக்குத் திரும்பி வருவேன். பிள்ளைகள், தொலைபேசி, அடுப்பு எதுவும் குறுக்கிடாமல் நாங்கள் இருவரும் கதைக்கிற நேரம் அந்த அரைமணித்தியாலம் மட்டுந்தான். கதைப்பது என்றால், நான் பகிடி விடுவேன். அவள் சிரிப்பாள், அல்லது சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவாள். அடக்கும்போது அவளுடைய வலது கன்னம் மட்டும் கொஞ்சம் துடிக்கும். ஓட்டுகிறவன் பக்கத்துக் கன்னம். கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் வாய் திறப்பதே அந்தத் துடிப்புக்காகத்தான் என்று சொன்னால் அதில் பெரிய மிகை இல்லை.

அன்று உரும்பிராய்க்குக் கிட்ட, தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். ஒரு பகிடியைச் சொல்லி முடித்துவிட்டு, கன்னம் துடிக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். துடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவள் "சைக்கிள்" என்றாள்.

திரும்பினால், கண்ணாடி முழுக்க வாழைக்குலை. ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்து ஒரு தோட்டக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, றோட்டின் நடுவில் நிற்கிறார். கரியரில் இரண்டு குலை. நான் ஏறி மிதித்தேன். ரயர் கத்தியது. கார் அவருடைய சைக்கிளின் பின்சில்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்காக எழுதுவது. கதவைத் திறந்ததும் கால் இரண்டும் தங்கள் பாட்டுக்கு மடிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எதையாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"பிறேக் பிடிக்கேல்லை."

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு றோட்டில் கறுப்பாக இழுபட்டிருந்த ரயர் அடையாளத்தைப் பார்த்தார். "பிடிச்சபடியால்தான் தம்பி நான் நிண்டு கதைக்கிறன்" என்றார். கோபமே இல்லை. "முகம் வெளிறிப் போச்சு. தண்ணி கிண்ணி இருந்தால் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு, குலையை ஒருமுறை தடவிப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனார்.

மனைவி மானிப்பாயில் இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் விடிய, வழக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகக் குடையும் சாப்பாட்டுப் பையுமாக வாசல் படலையடியில் நின்றாள்.

"எங்கை வெளிக்கிட்டீர்?"

"பஸ்ஸுக்கு."

"ஏன்?"

"பிறேக் பிடிக்காத காரிலை என்னெண்டப்பா வாறது?"

அவ்வளவுதான். குத்தலாகச் சொன்னாளா, நிசமாகவே நம்பிச் சொன்னாளா என்று அவளுடைய குரலில் இருந்து என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. நேரடிப் பஸ் கிடையாது. யாழ்ப்பாணம் போய், மாறி, மானிப்பாய்க்குப் போகவேண்டும். அவளுக்கு முழங்கால் நோ உண்டு. அந்த நேரத்துப் பஸ்ஸில் இருக்க இடம் கிடைப்பது அபூர்வம். நான் அங்கேயே, "பிறேக் பிடிச்சது, நான்தான் உம்மைப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்று சொல்லியிருந்தால் விஷயம் படலையோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஒரு மனுசனைக் கொல்லப் பார்த்தேன் என்று சொல்லவாவது எனக்குத் துணிவு வந்திருக்கும். கொல்லப் பார்த்தது உன் சிரிப்புக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பகிடிக்காரனுடைய பிழைப்பு அப்படி. கைதட்டல் வேண்டும், ஆனால் கைதட்டலுக்கு ஏங்குகிறவன் என்று பெயர் எடுக்கக்கூடாது.

ஆகவே பிறேக்கைத் திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் கராச்காரத் தம்பிக்கு நாற்பதுக்குக் கிட்ட வயது, நிதானமான ஆள். காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, நான்கு சில்லையும் கழற்றிப் பார்த்து, கையைத் துடைத்தார்.

"அண்ணை, உங்கடை பிறேக்கிலை ஒரு பிழையும் இல்லை."

"வடிவாய்ப் பாத்தனீரோ?"

"பாட் அரைவாசிக்கு மேலை இருக்கு. டிஸ்க் தேயேல்லை. எண்ணெய் ஒழுகேல்லை. இனி எக்ஸ்ரேதான் எடுக்கோணும்."

பிழை இல்லாத பிறேக்கோடு வீட்டுக்குப் போக முடியாத நிலை எனக்கு. அவளிடம் என்னவென்று சொல்வது? "அப்ப இதைவிடப் பெரிய பிறேக் இருக்கோ?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். யப்பானில் பழைய கார்களில் கழற்றிக்கொண்டு வரும் உதிரிப்பாகங்களில், இதே காரின் ஓட்டப்போட்டிக்கு விடும் வகையினுடைய முன்பிறேக் கிடைக்குமாம். சில்லோடு சேர்ந்து சுழலும் டிஸ்க் என்கிற இரும்புத் தட்டு, இப்போது இருப்பதைவிட இரண்டு விரல் அகலம். அதை இரண்டு பக்கமும் பாட் என்கிற கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் கலிப்பருக்குள் எங்களுடையதில் ஒரே ஒரு பிஸ்ரன், அதில் நாலு.

"ஆனால் அண்ணை, ஒரு விசயம் விளங்கிக்கொள்ளுங்கோ. ஒருக்கா நிக்கிறதுக்கு உங்கடை பழைய பிறேக் தாராளம். காரை நிப்பாட்டுறது கடைசியிலை ரயர்தான். உந்தப் பெரிய பிறேக் பத்துத்தரம், இருவதுதரம், அடுத்தடுத்து மிதிச்சாலும் சூடேறிக் கைவிடாது. அதுதான் அதின்ரை சிறப்பு. மலையாலை இறங்கிறவைக்கு வேணும். எங்கடை ஊரிலை இறக்கம் எங்கை கிடக்கு?"

யோசித்துப் பார்த்தேன். வடமராட்சி தொடக்கம் தீவகம் வரைக்கும் சோற்றுக்கோப்பை கவிழ்த்துவைத்த அளவுக்குக்கூட ஒரு மேடு இல்லாத தேசம். எங்கள் வீட்டுப் படலையடியில் இருக்கும் மதகுதான் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய இறக்கம்.

"போடும் தம்பி" என்றேன்.

வந்து சேர்ந்தது. கலிப்பர் இரத்தச் சிவப்பு. பொருத்தினார்; பொருத்திய பிறகு பதினாலு அங்குலச் சில்லு அதன்மேல் ஏறவில்லை. கலிப்பர் சில்லின் உள்பக்கத்தில் முட்டியது. ஆகவே பதினாறு அங்குலச் சில்லு நாலு. அதற்கு அகலமான ரயர் நாலு. ஒரு பொய்க்குப் பிறேக், பிறேக்குக்குச் சில்லு, சில்லுக்கு ரயர் என்று கார் கீழே இருந்து மேலாக மாறிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு பொய் சொல்லியிருந்தால் புதுக் காரே வந்திருக்கும்.

பிறகு பிறேக் எண்ணெய்க் குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்கவேண்டும். அவர் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு கட்டளையிட, நான் உள்ளே இருந்து மிதிக்கவேண்டும்.

"மிதியுங்கோ. பிடியுங்கோ. விடாதையுங்கோ. அண்ணை, விடாதையுங்கோ எண்டு சொன்னனான்."

"விடேல்லை."

"பிறகேன் காத்து உள்ளை வருது?"

விட்டுத்தான் இருந்தேன். கால் தானாகப் பின்னுக்கு வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே. கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் இப்படி மிதித்தும் பிடித்தும் இருந்தோம். எத்தனையோ வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். பிறேக்கில் கால் வைத்துக்கொண்டு வேறெதையும் யோசிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். என் கால் எப்போது அழுத்துகிறது, எப்போது நழுவுகிறது என்று அதுவரை ஒருநாளும் நான் கவனித்ததில்லை. இந்த எண்ணம் வந்ததும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வழியால் கொஞ்சத் தூரம் போனால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவது வழக்கம். பெரிய திருத்தவேலை செய்தாலும் சிலர் கொண்டுபோவார்கள். நான் வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன். குருக்கள் ஐயா பூவும் சந்தனமுமாக வந்து காரின் முன்மூடியில் வைக்கப்போனார்.

"ஐயா, மூடி பழசு. புதுசு உள்ளை கிடக்கு" என்று சில்லைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். "சிவப்பாய் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் நான் உதுக்குள்ளை கைவிட மாட்டன். எனக்கு இனிக் கொடியேத்தம் வருகுது, கை வேணும்" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்தார்.

நான் பக்தியாய்ச் செய்தேன். முதலில் நல்லெண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றி வைத்தேன். அதே விரல்களால் சந்தனத்தைக் குழைத்து, சில்லின் இடைவெளிக்குள் கையை விட்டு, இடதுபக்க டிஸ்க்கில், பளபளவென்று இருந்த அந்தத் தட்டில், மூன்று குறி இழுத்தேன். திருப்திப்படாமல் நன்றாகத் தேய்த்தும் விட்டேன். நடுவில் குங்குமம். வலதுபக்கத்துக்குப் போகமுன் குருக்கள் ஐயா அவசரப்பட்டதால் அது தப்பியது.

தேங்காய் உடைத்தாயிற்று. தேசிக்காய் நசிந்தது. கார் மெல்ல உருண்டு வீதிக்கு வந்தது. மிதித்தேன். வலதுபக்கம் நின்றது. இடதுபக்கம் அருள் பெற்ற நிலையில் வழுக்கிக்கொண்டு போனது. கார் ஒரு பக்கமாக இழுபட்டு, எதிர்வீட்டுப் பூவரசம் வேலியை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"தம்பி, பிறேக்கைப் பிடியும்" என்றார் குருக்கள் ஐயா.

"பிடிச்சுக்கொண்டுதான் ஐயா இருக்கிறன்."

"அப்ப விட்டிட்டுப் பிடியும்."

வேலி நிறுத்தியது. பூவரசம் இலை முன்கண்ணாடியை மூடியிருக்க, ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே பிறேக் பிடிக்காமல் போயிருக்கிறது. அதையும் நானே செய்திருக்கிறேன். போதாததற்கு, இந்த முறை வாயைத் திறந்து பிறேக் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. கார் ஓடிய வேகம் ஆமையின் வேகம். பயம் மட்டும் விமானம் விழுந்த அளவுக்கு.

கராச்சில் தம்பி டிஸ்க்கைக் கழற்றி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"அண்ணை, இது என்ன?"

"சந்தனம்."

"எண்ணெயும் மணக்குது."

"விளக்கு ஏத்தின கை."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானம். ஸ்பிரிற் போட்டுத் தட்டைக் கழுவினார். பாட் கட்டைகளை மண்தாளில் தேய்த்தார். "உந்தத் தட்டிலை விரல்படக் கூடாது எண்டு நான் சொல்லியிருக்கோணும். ஆனால் உப்பிடி ஒரு வேலை செய்வியள் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? உங்களுக்கு அண்ணை, உண்மையாய் என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "வேலிக்குள்ளை போனியளாம்" என்றாள். ஊரில் செய்தி பஸ்ஸைவிடக் கெதியாகப் போகும். "பிறேக் இன்னும் பிடிக்கேல்லைப் போல."

"இனிப் பிடிக்கும்" என்றேன். அவள் எண்ணெய்ப் போத்தலை மூடினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

புதுப் பிறேக்கைப் பழக்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். ஓரளவு வேகத்தில் போய், பின்னால் ஒருவரும் வராத இடம் பார்த்து மிதித்து வேகத்தைக் குறைத்து, திரும்ப வேகமெடுத்து, திரும்ப மிதித்து, இப்படிப் பத்துத்தரம். பாட் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பழகிவிடுமாம். கோப்பாயில் இருந்து கைதடிக்குப் போகிற றோட்டில் கடல்நீரேரியின் நடுவே நல்ல நீளமான வெளி இருக்கிறது. சனிக்கிழமை காலை அங்கே போனேன். நீரேரியில் தண்ணீர் வற்றி, கொக்குகள் சேற்றில் நின்றன. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ஒவ்வொருமுறையும் பின்னால் பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன். கார் ஒவ்வொருமுறையும் அடங்கி வந்தது. ஐந்தாவது தரம் எனக்கே சந்தோசமாக இருந்தது. இதை அவளுக்குக் காட்டினால் ஏறுவாள், இதைப் பார்த்தபிறகு எப்படி ஏறாமல் இருப்பாள் என்று யோசித்தேன். அவள் பக்கத்தில் இருப்பதாகவே நினைத்து, காலியான இருக்கையின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னேன் என்றும் நினைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் றோட்டில் ஏதோ கிடக்கிறது. நாயோ, ஆளோ. முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் ஆணி அடித்தது போல் நின்றது. காற்று அள்ளிவந்த ஒரு பனையோலை.

பின்னால் ஒரு சத்தம். ஸ்கூட்டி ஒன்று என் காரின் பின்பக்கத்தைத் தவிர்க்க வெட்டி, றோட்டைவிட்டு இறங்கிச் சேற்றில் போய் நின்றது. தலைக்கவசம் போட்ட ஒரு பெண், என் மனைவியின் வயது இருக்கும். விழவில்லை. ஒரு கால் மட்டும் முழங்கால் வரை சேறு. ஓடிப்போனேன்.

"ஏன் அண்ணை நிப்பாட்டினியள்?" என்றாள்.

"பிறேக் புதுசு தங்கச்சி. கொஞ்சம் கூடப் பிடிச்சிட்டுது."

அவள் சேற்றில் இருந்து காலை இழுத்தாள். காரைப் பார்த்தாள். சிவப்புக் கலிப்பரையும் பெரிய சில்லையும் பார்த்தாள். பிறகு என்னுடைய நரைத்த தலையை. "உங்களுக்கு உப்பிடிப் பிறேக் போடுறது எண்டால், பின்னாலை வாற எங்களுக்கும் ஒவ்வொண்டு வாங்கித் தந்திருக்கலாம்" என்றாள்.

ஸ்கூட்டியை நான்தான் தள்ளி ஏற்றினேன். அவள் போனபிறகு நீரேரியைப் பார்த்துக்கொண்டு றோட்டோரத்தில் நின்றேன். இரண்டுமுறையும் பிறேக் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது பாவம், எப்போதும் மிதித்த பிறகு நடப்பதற்குத்தான் பொறுப்பு. மிதிக்குமுன் நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு யப்பானில் இருந்து எதையும் கழற்றிக்கொண்டு வரமுடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுக்கவில்லை. வாழைக்குலைக்கு முன்னால் நின்றபோதே தெரியும். தெரிந்ததை மூடிவைக்கத்தான் இரண்டு மாதமும் நாலு பிஸ்ரனும் தேவைப்பட்டன.

திங்கட்கிழமை பின்னேரம் கோப்பாய்ப் பஸ் தரிப்பில் போய் நின்றேன். அவள் பஸ்ஸின் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். என்னைக் கண்டதும், "ஏன், கடை பூட்டியாச்சோ?" என்றாள்.

"ஒரு விசயம் சொல்லோணும்."

"வீட்டை போய்ச் சொல்லுங்கோவன். சனம் பாக்குது."

"வீட்டை போனால் சொல்ல மாட்டன்." சொன்னேன். "அண்டைக்குப் பிறேக் பிடிச்சது. நான் உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான். நீர் சிரிக்கிறீரோ எண்டு."

அவள் குடையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள்.

"தெரியும்."

"தெரியுமோ?"

"நான் பக்கத்திலைதானே இருந்தனான். உங்கடை கண் எங்கை கிடந்தது எண்டு எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். நீங்கள் சில்லு மாத்தினியள். பிறகு ரயர் மாத்தினியள். சரி, கடைசியாய் வாயைத் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருக்க, வேலிக்குள்ளை போயிட்டியள்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அண்டைக்கு உங்களோடை கோவம் இல்லை. பயந்துபோனன். அந்த மனுசனைக் குலையோடை பாத்தவுடனை, தோட்டத்தாலை வாற எங்கடை அப்பாதான் நிக்கிறார் எண்டு நினைச்சிட்டன். நீங்கள் இறங்கி, பிறேக் எண்டு சொன்னியள் பாருங்கோ, அதுக்குப் பிறகுதான் ஏற மனம் வரேல்லை" என்றாள்.

இதற்கு ஒரு பகிடி சொல்ல முடியும். ஒன்றல்ல, மூன்று நாலு வந்து தொண்டையில் நின்றன. விழுங்கினேன்.

"நாளைக்கு வருவீரோ?"

"பாப்பம்."

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வெளியே வந்தாள். பழைய நேரம், பஸ் நேரம் அல்ல. நான் முன்கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் அதைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, எனக்கு நேர்பின்னால் அமர்ந்தாள்.

"அங்கை ஏன் இருக்கிறீர்?"

"இஞ்சை இருந்தால் நீங்கள் பாக்க ஏலாது. ஓடுங்கோ."

உரும்பிராய்ச் சந்தியில் சில்லுக்குள் தெரிந்த சிவப்பையும் பின்னால் இருந்த ஆளையும் பார்த்து, வாடகைக் கார் என்று நினைத்த ஒருவர் கையைக் காட்டி, "ஹயர் வருமோ?" என்று கேட்டார். வராது என்றேன். தோட்டங்களைக் கடந்தோம். ஒழுங்கை வாய் ஒவ்வொன்றிலும் காலைப் பிறேக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மருதனார்மடம் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை. கல்வெட்டுக்குப் படம் கொண்டுவந்த ஒருவர், செத்தவரின் படம் சரியில்லை என்று தன்னுடைய படத்தைத் தந்துவிட்டுப் போன கதையைச் சொன்னேன். நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லி முடித்தேன்.

பின்னால் சத்தம் இல்லை. பையின் ஸிப்பை இழுத்த மாதிரி ஏதோ கேட்டது. எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வான் போய்க்கொண்டிருந்தது. பின்பார்வைக் கண்ணாடிக்குக் கண்ணை விடாமல், அதன் பின்விளக்கைப் பார்த்தபடியே உடுவிலைத் தாண்டினேன். சிரித்தாளா என்று தெரியாது.